சனிப்பிணமும் பெட்ரோல் ஜெனரேட்டரும்: கொருக்குப்பேட்டை வீட்டு இரண்டாவது சாவு பற்றிய நிகழ்வு ஆய்வு

சனிக்கிழமை ஒருவர் இறந்தால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சையோ தேங்காயையோ கட்டி அனுப்பும் பழக்கம் வடசென்னையில் இன்னும் இருக்கிறது. சனிப்பிணம் தனியாகப் போகாது, துணை தேடும் என்பது நம்பிக்கை. அப்படிப்பட்ட துக்க வீட்டில், பிணம் எடுப்பதற்கு முன்பே இன்னொருவர் இறந்துபோனால் தெருவில் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டியவை எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் அழிந்துபோகும்.

கீழே இருப்பது பயிற்சிக்காகக் கோத்த மாதிரி வழக்கு. இதில் வரும் குடும்பம் எந்தத் தனிக் குடும்பமும் இல்லை. வீட்டின் அமைப்பு, உடலில் தெரியும் குறிகள், இன்ஜின் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடின் அளவுகள், மருத்துவமனையில் நழுவிப்போகும் இடங்கள் ஆகியவை இத்தகைய சாவுகளுக்கு உரியவை.

வீடும் இரவும்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் நிறையப் பார்க்கக்கூடிய நீள வீடு. தெருவாசலிலிருந்து மூன்றரை அடி அகலத்தில் நாற்பது அடி நீள நடை. வலது கைப்பக்கம் நான்கு அறைகள், ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. முதல் அறைக்கு மட்டும் தெருவைப் பார்த்துத் தனி வாசல் உண்டு. மற்ற மூன்றின் கதவும் வென்டிலேட்டரும் நடைக்குள்தான் திறக்கும். இரண்டாவது, மூன்றாவது அறைகளுக்கு இடையே மாடிப்படி. நடைக்கு மேலே வானம் தெரியும் ஒரே திறப்பில் மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. கோடியில் தகரக் கதவு. அதைத் தாண்டினால் கூரையில்லாத கக்கூஸ் பக்கம்.

மழைக்காலச் சனிக்கிழமை. மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. 2016 வர்தாவின்போதும் 2023 மிக்ஜாமின்போதும் இந்தப் பகுதி நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது, அதனால் ஒரு நாள் கரண்ட் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலை ஆறு மணிக்கு, நெடுநாள் படுக்கையில் இருந்த 78 வயதுப் பெரியவர் இறந்தார். எட்டு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது, கூடவே வாடகைக்கு 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர். முதலில் அதைத் தெருவில் சாமியானாவுக்குக் கீழேதான் வைத்தார்கள். தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியதும் பத்து மணிக்கு நடைக்குள் தூக்கிவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். சாரல் அடித்ததால் நடையின் தெருக்கதவைச் சாத்தினார்கள். தகரக் கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. மறுநாள் பாடையில் கட்டுவதற்காக வாங்கிவந்த கோழியையும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கூடையில் கவிழ்த்தார்கள்.

41 வயது மகன் குடித்திருந்தார். பத்தரைக்கு மூன்றாவது அறையில் தரையில் போர்வையை விரித்துக் குப்புறப் படுத்தார். அதே அறையில் அவருடைய அக்காள் மகள், 12 வயது. இரண்டாவது அறையில் ஆயாவும் இரண்டு உறவுக்காரப் பெண்களும். முதல் அறையில் பெட்டியைச் சுற்றி ஒன்பது பேர், தெருவாசல் திறந்தபடி. சாமியானாவில் ஒரு மணி வரை மரண கானா. மூன்று மணி வாக்கில் ஜெனரேட்டர் தானாக நின்றது. ஐந்து மணிக்கு மகனை எழுப்பப் போனவர்கள் அலறினார்கள்.

தெரு சொன்ன சாட்சி

முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. வாயிலும் மூக்கிலும் நுரை. கை மயிர் குத்திட்டு நின்றது. நெஞ்சில் ஐந்து விரல் பதிந்த தடம். கோழியும் செத்துக் கிடந்தது. சிறுமி நடுங்கிக்கொண்டே சொன்னாள்: "தாத்தா வந்து வாசப்படியாண்ட நின்னுகினு இருந்தாரு. மாமாவ எழுப்பலாம்னு பாத்தேன், கால நவுத்தவே முடில. நெஞ்சு மேல ஏதோ குந்திகினா மாரி இருந்துச்சு." ஆயா ஒரே வார்த்தையில் முடித்தார்: "பெத்த புள்ளய அவரே இஸ்துகினு பூட்டாரு."

பகுத்தறிவு பேசுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சிறுமி சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் 'பொருள் சாட்சி' தேடப் போவார்கள். இந்த வீட்டிலேயே மிகச் சிறந்த சாட்சி அவள்தான். தாத்தா என்ற சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்: கால் அசையவில்லை, நெஞ்சில் பாரம், கண்ணுக்கு உருவம் தெரிந்தது, ஆனால் நினைவு இருந்தது. நினைவு இருக்கும்போதே தசை சோர்ந்து எழுந்திருக்க முடியாமல் போவது கார்பன் மோனாக்சைடு நச்சின் பழைய, நன்கு அறியப்பட்ட குறி. அதனால் முதல் வேலை அவளைத் தனியாக உட்காரவைத்து, இடையில் திருத்தாமல், அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வது. பிறகு கேட்க வேண்டியவை: தலை வலித்ததா, எப்போது தொடங்கியது, வாந்தி உண்டா, வெளியே போனதும் குறைந்ததா, வேறு யார் எங்கே படுத்திருந்தார்கள்.

அவள் பதில்: தலை விண்விண் என்று தெறித்தது, இரண்டு முறை வாந்தி எடுக்கத் தகரக் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் போனாள், அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் தேவலையாக இருந்தது. அவள் உயிரைக் காத்தது அந்தக் கூரையில்லாத இடம்.

ஆட்களை வரைபடத்தில் வைத்தால்

ஒரு தாளில் வீட்டை வரைந்து, அந்த இரவு மூச்சுவிட்ட ஒவ்வொருவரையும் அவர் இருந்த இடத்தில் குறித்து, பக்கத்தில் அவருக்கு என்ன செய்தது என்று எழுத வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் போதும். முதல் அறையின் ஒன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. இரண்டாவது அறையின் மூன்று பெண்களுக்கும் தலைவலி, ஒருவருக்குக் குமட்டல். ஒப்பாரிக்காக அவர்கள் அடிக்கடி எழுந்து முன்னறைக்குப் போய்வந்தவர்கள். மூன்றாவது அறையில் ஒரு சாவு, ஒரு பிழைத்த குழந்தை. படிக்கட்டடியில் செத்த கோழி. எல்லாம் ஜெனரேட்டரைச் சுற்றியே விழுகிறது.

அந்தத் தலைவலியை ஏன் யாரும் சொல்லவில்லை என்பதற்கும் பதில் எளிது. துக்க வீட்டில் அழுதால் தலை வலிக்கும், சாப்பிடாவிட்டால் குமட்டும், தூங்காவிட்டால் கிறுகிறுக்கும். நச்சின் எல்லா முதல் குறிகளுக்கும் அங்கே முன்கூட்டியே ஒரு காரணம் தயாராக இருக்கிறது. குடித்துவிட்டுப் படுத்தவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை.

பேய் வீடு என்று பேர் வாங்கிய வீட்டில் இதே வாயு இருந்ததற்குப் பழைய பதிவு உண்டு. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்மர், காலடி ஓசையும் உருவங்களும் நெஞ்சை அழுத்தும் பாரமுமாக அலைக்கழிந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கண் மருத்துவ இதழில் எழுதினார். வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகிப் புகை அறைகளுக்குள் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். உலையைச் சரிசெய்ததும் உருவங்களும் போய்விட்டன.

நெஞ்சில் ஐந்து விரல்

உடலைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஐந்து விரல் இருந்தது. அது யாருடைய விரல் என்பதுதான் கேள்வி.

இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கத் தொடங்கும். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் திட்டுத் திட்டாக நிறம் தெரியும். நாலு மணி நேர வாக்கில் ஒன்றுசேர்ந்து பரவும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் அசையாமல் நிலைத்துவிடும். குப்புறக் கிடந்த உடலில் அது முகத்திலும் நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். தரையோடு அழுந்தியிருக்கும் இடத்தில் மட்டும் ரத்தம் புக வழியில்லாததால் அந்த இடம் வெளுத்தே இருக்கும். போர்வை மடிப்பு, அரைஞாண் கயிறு, பனியன் ஓரம் எல்லாமே இப்படி வெள்ளைத் தடம் விடும். இவர் தன் வலது கையை நெஞ்சுக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தார். தடத்தின் மேல் அவர் கையையே எடுத்து வைத்துப் பார்த்தால் கட்டைவிரல் பக்கம் உள்பட அளவு பொருந்தும். சுற்றியுள்ள நிறத்தைக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தினால் வெளுக்கும், விட்டால் திரும்பும். இறந்து சில மணி நேரம்தான் ஆகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

உயிரோடு இருந்தபோது அறைந்த தடம் வேறு விதம். விரல்கள் பட்ட இடத்தின் ஓரங்களில், ரத்தம் இருபுறமும் ஒதுங்கி, இணைகோடுகளாகச் சிவப்பு விழும். பார்வைக்கு இரண்டும் குழப்பலாம். கத்தி வைத்தால் குழப்பம் இல்லை. அடிபட்ட இடத்தில் ரத்தம் திசுவுக்குள் கசிந்து உறைந்திருக்கும், கழுவினாலும் போகாது. தேங்கிய ரத்தம் நாளத்துக்குள்ளேயே இருப்பதால் வெட்டினால் வழிந்துவிடும், கழுவினால் போய்விடும். அடித்தே கொன்றிருக்கலாம் என்ற ஐயத்தையும் இந்த ஒரு சோதனை தீர்த்துவைக்கும் என்பதால் இதை விடவே கூடாது.

நுரை, நுரையீரலில் நீர் கோத்ததால் வருவது. மயிர் குத்திட்டு நின்றது, உடல் விறைக்கும்போது மயிர்க்கால்களின் சிறு தசைகளும் விறைப்பதால். பயந்து செத்ததற்கு அது அடையாளம் கிடையாது.

செக்கச்செவேல் என்ற முகத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தம் செர்ரிப் பழச் சிவப்பு என்பது உண்மைதான். ஆனால் குளிரில் வைத்த உடலிலும் தேங்கிய ரத்தம் இளஞ்சிவப்பாக மாறும். மகனையும் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு பார்த்தால் அந்த நிறத்துக்கு மதிப்பில்லை. சயனைடிலும் சிவப்பு வரும். கறுத்த தோலில் வெளிநிறம் ஏமாற்றும். நகக்கண், கீழுதட்டின் உள்பக்கம், நாக்கு, கண்ணிமைக்குள், உள்ளங்கை: இந்த இடங்களைப் பகல் வெளிச்சத்தில், பெட்டிக்குள் வைக்கும் முன்பே, படம் எடுத்துவிட வேண்டும். மஞ்சள் பல்ப், செல்போன் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம் நிறத்துக்குச் சாட்சியாகாது.

வேறென்னவாக இருக்கலாம்

ஜெனரேட்டரைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடுவதும் பேயைச் சொல்வதும் ஒரே அவசரம்தான். நாற்பதைத் தாண்டிய குடிக்கிற ஆண், மாரடைப்பு முதல் ஐயம். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் இருந்தால் பார்வை மங்கல், வயிற்றுவலி, கூடக் குடித்தவர்களுக்கும் பாதிப்பு. கூடக் குடித்தவர்கள் சாமியானாவில் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். பூச்சிமருந்தில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாடை இருக்கும். மழைக்காலத்தில் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாது, பல் தடமும் கண்ணுக்குப் படாமல் போகும். அதனால் போர்வையை உதறிப் பார்ப்பதும் விரலிடுக்குகளைத் தேடுவதும் கட்டாயம். ஈரச் சுவரில் மின்கசிவு, மின்தடை வேளையிலும் ஜெனரேட்டர் ஒயர் வழியாக வரலாம்.

தூக்கத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறப்பதும் உண்டு. பிலிப்பைன்ஸில் பங்குங்கோட் என்றும் ஜப்பானில் போக்குரி என்றும் அதற்குப் பெயர், அங்கேயும் பேய்க்கதை உண்டு. இந்த வகைச் சாவுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் கோளாறை புருகாடா சகோதரர்கள் 1992இல் விவரித்தார்கள். போஸ்ட்மார்ட்டத்தில் எதுவும் தெரியாது. ரத்த உறவினருக்கு ஈ.சி.ஜி. எடுத்தால் துப்பு கிடைக்கலாம்.

இவற்றில் எதுவும் அடுத்த அறைப் பெண்களின் தலைவலியையும் கோழியின் சாவையும் சேர்த்து விளக்காது. பறவைகள் இந்த வாயுவுக்கு மனிதரைவிட விரைவில் விழும். நிலக்கரிச் சுரங்கங்களில் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் சிறு பறவைகளைப் பரிந்துரைத்தது அதனால்தான். அந்தக் கோழியைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் அதன் ரத்தத்திலும் சோதிக்கலாம்.

"வெளக்கு எரிஞ்சுகினுதான இருந்துச்சு"

இந்த எதிர்வாதம் தவறாமல் வரும், மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டிய வாதம். காற்று கெட்டிருந்தால் மூன்றாவது அறையில் இருந்த சிம்னி விளக்கு அணைந்திருக்க வேண்டாமா?

சுடர் அணைய, காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 16, 17க்கு இறங்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்ல அவ்வளவு தேவையில்லை. காற்றில் பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி. 800 பங்கு இருந்தால் முக்கால் மணியில் கிறுகிறுப்பும் குமட்டலும், இரண்டு மூன்று மணியில் சாவு. 1600 என்றால் ஒரு மணி நேரத்தில் சாவு. 1600 பங்கு என்பது 0.16 விழுக்காடு, சுடருக்கு அது தெரியவே தெரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், அதனால் கொஞ்சமே போதும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நடை சுமார் 36 கனமீட்டர், மூன்றாவது அறை 25. சேர்த்து 60 என்று வைப்போம். சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்குச் சில நூறு கிராம் கார்பன் மோனாக்சைடு கக்கும். குறைத்து 200 கிராம் என்றே கொள்வோம். சென்னை வெப்பத்தில் அது ஏறக்குறைய 178 லிட்டர். எதுவும் வெளியேறாவிட்டால் ஒரே மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு 2900 பங்குக்கு மேல். பத்தில் ஒன்பது பங்கு இடுக்குகளில் வெளியேறிவிட்டது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 300. ஜெனரேட்டர் ஓடியதோ ஐந்து மணி நேரம். மூடிய இடத்தில் தன் புகையையே தானும் இழுக்கும் இன்ஜின் இன்னும் மோசமாக எரித்து இன்னும் அதிகம் கக்கும். மூன்று மணிக்கு அது நின்றதற்குத் தாத்தா காரணமில்லை, டேங்கைத் திறந்து பார்த்தால் காலி.

வாடையில்லாத வாயு. ஜெனரேட்டர் புகைக்கு வாடை உண்டே என்றால், ஊதுவத்தியும் சாம்பிராணியும் அதை மூடிவிட்டன. மூக்கும் சிறிது நேரத்தில் பழகிவிடும்.

மறுபடி ஓட்டிப் பார்ப்பதென்றால் வீட்டை முழுக்கக் காலி செய்துவிட்டு, கார்பன் மோனாக்சைடு மீட்டரைத் தலை வைத்துப் படுத்த உயரத்தில் வைத்து, எதிரில் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, ஆட்கள் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும். அதே ஜெனரேட்டர், அதே பெட்டி, கதவுகள் அதே நிலையில். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். அதிலிருந்து வரும் ஹைட்ரஜனைப் பல மீட்டர்கள் கார்பன் மோனாக்சைடு என்று காட்டிவிடும்.

ரத்தம் சொல்வது

சந்தேக மரணம் என்று காவல்நிலையத்தில் தகவல் கொடுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் பதிவாகும். 2024 ஜூன் வரை அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. உடல் ஸ்டான்லி மருத்துவமனைப் பிணவறைக்குப் போகும். அறுக்கக் கூடாது என்று குடும்பம் அழும். அவர்களிடம் பேய் இல்லை என்று வாதாடுவது வீண். அந்தக் குழந்தைக்கு இன்னும் ஆபத்து இருக்கலாம், காரணம் தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும் என்று சொன்னால் கேட்பார்கள். அது உண்மையும்கூட.

வழக்கமாக வேதிச் சோதனைக்கு எடுப்பது இரைப்பை, சிறுகுடலில் ஒரு பகுதி, ஈரல், சிறுநீரகம், உப்புக் கரைசலில். அதை மட்டும் அனுப்பினால் மதுவும் பூச்சிமருந்தும் தேடுவார்கள், இந்த வாயுவைத் தேடமாட்டார்கள். ஜெனரேட்டர் விவரம் விசாரணை அறிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும், ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின் (இந்த வாயு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின்) அளவு வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். குழாய் நிரம்ப எடுத்து, சோடியம் ஃப்ளோரைடு சேர்த்து, மேலே காற்று புகாதபடி லிக்விட் பாரஃபின் ஊற்றி மூடுவது முறை. பிணவறையிலேயே செய்யக்கூடிய சின்னச் சோதனை ஒன்றும் உண்டு: பத்து விழுக்காடு காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், சாதாரண ரத்தம் பச்சை கலந்த பழுப்பாகும், வாயு ஏறிய ரத்தம் சிவப்பாகவே நிற்கும். அது குறிப்பு மட்டுமே, அளவு ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். 50 விழுக்காட்டுக்கு மேல் என்றால் பொதுவாக அதுவே சாவுக்குப் போதும். குடித்திருந்தாலோ இதயம் பலவீனமாக இருந்தாலோ அதற்குக் கீழேயும் உயிர் போகும். செத்த உடலில் இந்த அளவு எளிதில் மாறாது, நாலு நாள் கழித்து எடுத்தாலும் பயன் உண்டு. எரித்துவிட்டால் இல்லை.

உயிரோடு இருப்பவர் விஷயம் நேர் எதிர். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் அளவு பாதியாகும், மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் பாதி. மூன்று மணிக்குச் சிறுமியின் ரத்தத்தில் 32 விழுக்காடு இருந்திருந்தால் எட்டு மணிக்கு 16. ஒரு மணி நேர ஆக்சிஜனுக்குப் பிறகு 8, சிகரெட் பிடிப்பவரின் அளவு. ஆக்சிஜனைத் தாமதிக்கவே கூடாது, அதனால் ரத்தத்தை முதல் நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும். கோவிட்டுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் இருக்கும் விரல் ஆக்சிமீட்டரை இங்கே நம்பக் கூடாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தச் சிவப்பும் இந்த வாயு ஏறிய ரத்தச் சிவப்பும் அதற்கு ஒன்றுதான். 98 என்று காட்டும், குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் நீளமான ஒயர் கொடுத்தாலே இந்தச் சாவு தவறும். ஜெனரேட்டர் வாசலுக்குள் வருவதற்குப் பாதிக் காரணம் மழை, மீதி ஒயரின் நீளம். இருபது மீட்டர் மூன்று கம்பி ஒயர், வீட்டுக் கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி ஒரு மேடை, மேலே நாலு பக்கமும் திறந்த தகரம், சைலன்சர் வாய் வீட்டுக்கு முதுகு காட்டி. படிக்கட்டடி, நடை, மொட்டைமாடி அறை எதுவும் வெளி ஆகாது. சன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறு.

இனி அந்தச் சிறுமி. இந்த நச்சில் தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு, சில நாளிலிருந்து நாற்பது நாள் வரை கழிந்து, மறதி, தனக்குள் பேசுதல், நடையில் தடுமாற்றம், காரணமில்லாத கோபம், சிறுநீர் தானாகப் பிரிதல் வரலாம். பதினாறாம் நாள் காரியம் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. அன்றைக்கு அவள் ஒரு மாதிரி பேசினால் உடுக்கை அடிக்க ஆள் கூட்டிவருவார்கள். அதனால் அவளுடைய மருத்துவமனைச் சீட்டில் 'கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆறு வாரம் நரம்பியல் கண்காணிப்பு' என்று மருத்துவர் கையால் எழுதி வாங்கி, அதை அவள் அம்மாவிடமும் ஆயாவிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, எந்தெந்த மாற்றம் வந்தால் உடனே ஸ்டான்லிக்குக் கூட்டிவர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.